மூன்றாம் பிரதிவாதி

"ஆறுமுகக்கனி, ஆறுமுகக்கனி, ஆறுமுகக்கனி."
டவாலி மூன்று முறை கூப்பிட்டார்.
பின்னால் ஓர் 'அம்மா' இல்லாமல்
முப்பத்தோரு வருஷத்தில்
கோர்ட்டுக்குள் என் பெயரை நான் கேட்டதில்லை.
அம்பாசமுத்திரம் முன்சீப் கோர்ட்,
வராந்தாவில் ஜெராக்ஸ் மை வாசனை.
எழுந்தேன்.

நான் பார்த்த முதல் நீதிமன்றம்
முக்கூடல் பீடிக்கடை.
அம்மா சுற்றிய ஆயிரத்தைக்
கட்டுக் கட்டாய்ப் பிரிப்பார் ஏஜென்ட்.
இலை கிழிசல், தூள் குறைச்சல்,
நூறு பீடி ஒடிந்து தரையில் விழும்.
விசாரணை இல்லை, காரணம் எழுதுவதில்லை,
மேலே போய்க் கேட்க
அந்தத் தெருவில் அவருக்கு மேலே யாரும் இல்லை.
அம்மா தட்டைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு
மறுநாள் இலைக்குக் கை நீட்டுவாள்.
சட்டக் கல்லூரியில் இயற்கை நீதி நடத்திய அன்று
எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வந்தது,
நுனியில் வெற்றிலைச் சுண்ணாம்போடு.

பிறகு இதே அம்பாசமுத்திரத்தில் ஜூனியர்.
பஸ் காசும், வாய்தா வாங்கும் சோலியும்.
பிறகு பரீட்சை.
பிறகு ஊர்கள்.
சொந்த மாவட்டத்தில் போடமாட்டார்கள்:
முதுகுளத்தூர், அறந்தாங்கி, அரூர், செய்யாறு,
கடைசியில் திருவாரூர்.
அரூரில் பீரோவின் ஒரு கால் ஒடிந்தது.
பழைய வழக்குப் பட்டியலை மடித்து முட்டுக்கொடுத்தேன்.
அடுத்த இரண்டு ஊருக்கும்
அதே காகிதம் லாரியில் வந்தது.

பழகாதே என்று யாரும் சொல்லவில்லை.
பழகவில்லை.
கல்யாணங்களுக்கு மொய் மட்டும் போகும்.
லீவில் முக்கூடல் வந்தால்
அத்தான் முறை ஒருவர்
கருப்பட்டிக் கொட்டானோடு வருவார்,
கட்கத்தில் கேஸ்கட்டு.
நான் அடுப்படிக்குப் போய்
கழுவிய பாத்திரத்தையே கழுவுவேன்.

பதினேழு பேருக்கு ஆயுள் கொடுத்திருக்கிறேன்.
ஒருவன், தீர்ப்பு வாசித்து முடித்ததும்,
"மணி என்னம்மா?" என்றான்.
நாலே கால் என்றேன்.
பதிவில் அது இல்லை.

இப்போது கூண்டு.
இத்தனை உயரம் என்று
மேலே இருந்து பார்த்தபோது தெரியவில்லை.
தங்கப்பழம் நாடார் சொத்து,
அறுபத்திரண்டு சென்ட், கிணற்றில் பாதி,
பொது மோட்டார் ஒன்று.
வாதி என் அண்ணன் லிங்கத்துரை.
பதினான்கு வருஷ வழக்கு.
இதைவிடப் பழைய பாகப்பிரிவினைகளை
ஒரே கோடையில் நான் முடித்ததுண்டு.

"தொழில்?"
முன்சீப்புக்கு என் மகள் வயது.
ஓய்வு, என்றேன்.
நிமிர்ந்து பார்த்தாள், குனிந்துகொண்டாள்.
நல்ல பழக்கம்.

அண்ணனுடைய வக்கீல் சின்னப் பையன்,
கவுன் தோளில் நிற்கவில்லை.
"சொத்து உங்க அனுபவத்துல இருக்குங்கிறீங்க.
நான்கெல்லை சொல்ல முடியுமா?"

ஆயிரக்கணக்கில் வாசித்திருக்கிறேன் நான்கெல்லை.
வடக்கே வண்டிப்பாதை.
கிழக்கே சண்முகவேல் வகையறா புஞ்சை.
தெற்கே வாய்க்கால்.
மேற்கே,
மேற்கே.

சாட்சிகள் இந்த இடத்தில்
ஏன் கூரையைப் பார்ப்பார்கள் என்று
நான் எரிச்சல்பட்டதுண்டு.
கூரையில் மின்விசிறி, அதில் ஒட்டடை.

"தெரியாது."

டைப்பிஸ்ட் தட்டினாள்:
மேற்கு எல்லை எனக்குத் தெரியாது.
படித்துக் காட்டினார்கள். சரி என்றேன்.
பேனா தானாக
நீதிபதி கையெழுத்திடும் மூலைக்குப் போனது.
கிளார்க் விரலை வைத்துக் காட்டினார்,
"இங்கம்மா."

வெளியே டீக்கடையில் அண்ணன்
எனக்கும் சேர்த்தே சொல்லியிருந்தான், சீனி கம்மி.
"மேக்க ஓடைலா, ஏட்டி.
பள்ளிக்கூடம் போற நாள்ல
ஒத்தச் செருப்ப அதுலதான விட்ட?"

வக்கீல் குமாஸ்தா ஓடி வந்தார்.
அடுத்த வாய்தா பதினெட்டாம் தேதியாம்.
இருவரும் குறித்துக்கொண்டோம்.